மாலே: எட்டு வருடம் குடியிருந்தவன் சொல்கிறேன்

மாலத்தீவில் வேலை என்றதும் ஊரில் எல்லாரும் கேட்டது, "தண்ணிக்கு மேல கட்டின வீட்டுலயா இருக்கப் போற?" என்றுதான். அதெல்லாம் ரிசார்ட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு. நான் 2013-இல் போய் இறங்கியது தலைநகர் மாலேயில், நாலாவது மாடியில் பத்துக்கு எட்டு அறை, அதிலும் கூட ஒருவர். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டையைக் கையால் தொடலாம்.

மொத்தத் தீவே ஏறக்குறைய 2 சதுர கிலோமீட்டர், அதில் லட்சத்துக்கு மேல் ஜனம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு சுற்று கிளம்பினால் ஒன்றே கால் மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவேன். 1987-இல் அலை ஊருக்குள் புகுந்த பிறகு ஜப்பான் உதவியோடு கரையில் போட்ட நான்குகால் கான்கிரீட் கட்டைகள் பக்கம்தான் கொஞ்சம் காற்று வரும்.

இவ்வளவு சின்ன ஊரில் எதற்கு இத்தனை பைக் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மஜீதீ மகுவில் (மகு என்றால் தெரு) நிறுத்த இடம் தேடுகிற நேரத்தில் நடந்தே போய்த் திரும்பிவிடலாம். நிறுத்தியதை எடுப்பது அதைவிடக் கூத்து, பக்கத்தில் நாலு வண்டியை நகர்த்தி, நம்முடையதை உருவி, அந்த நாலையும் பழையபடி வைத்துவிட்டுப் போகவேண்டும்.

வாடகை? சம்பளத்தில் பாதி. காலி செய்தபோது பெயிண்ட் அடிக்கவேண்டும் என்று வீட்டுக்காரர் அட்வான்ஸில் கை வைத்தார், சரி, அது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

குழாயில் வருவது உப்பை நீக்கிய கடல்நீர். 2014 டிசம்பரில் அந்த நிலையத்தில் தீப்பிடித்து ஊரே வறண்டது. இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் வந்தது. நாலு பக்கமும் கடல், நான் காலி பாட்டிலோடு வரிசையில். கூட இருந்தவர் சென்னைக்காரர், அலட்டிக்கொள்ளவே இல்லை.

சாப்பாட்டில் மஸ் ஹுனிக்கு முழு மதிப்பெண். சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை போட்டுக் கையால் பிசைந்து, சூடான ரோஷியோடு (நம்ம சப்பாத்தி மாதிரி) காலையில் தருவார்கள். சைவம் என்றால் கஷ்டம், காய்கறி எல்லாம் வெளியிலிருந்து வருகிற விலை. தூத்துக்குடித் தோணியில் வந்த வெங்காயத்தை அங்கே வாங்கியிருக்கிறேன், அவர்களும் படகைத் தோனி என்றுதான் சொல்கிறார்கள்.

2018-இல் பாலம் திறந்ததுதான் பெரிய மாற்றம். அதற்கு முன் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலே போக ஃபெர்ரிதான் கதி. 2019-இல் நான் அங்கேயே குடிமாறி 2021 வரை இருந்தேன். அகலமான தெரு, கொஞ்சம் மரம், அதே வாடகைக்குத் தனி அறை. காற்று மழை பலமானால் பாலத்தில் பைக்கை விடமாட்டார்கள், அன்றைக்கு வேலைக்குத் தாமதம்தான்.

புதிதாகப் போகிறவர்கள் பெரிய பெட்டி கொண்டுபோகாதீர்கள், கட்டிலுக்கு அடியில் நுழையாது. என்னுடையது மாலேயில் ஆறு வருடமும் கட்டிலின் மேலேயே, என் கால்மாட்டில்தான் கிடந்தது.