பழைய வொர்க்ஸ்டேஷனுக்கு எந்த ஹீட்சிங்க்?

ஜியான் ஈ5-1650 மாதிரி 130 வாட் பிராசசர் உள்ள பழைய மெஷினுக்கு, அதே மாடல் மெஷினில் இருந்து கழற்றி விற்கும் கம்பெனி ஹீட்சிங்க்கா (பிராசசரின் சூட்டை இழுக்கும் உலோகப் பாகம்), ஃபேனோடு உயரமாக நிற்கும் புது டவர் கூலரா? சேலத்தில் டிசைன் வேலை செய்பவர்கள் அடிக்கடி கேட்பது.

பொருத்தம்: கம்பெனி ஹீட்சிங்க் அப்படியே உட்காரும். டவருக்கு, பிராசசர் உட்காரும் எல்ஜிஏ 2011 சாக்கெட்டின் திருகுத் துளைகளை அளந்தே ஆக வேண்டும்: சதுர வகை 80க்கு 80 மி.மீ., குறுகலானது 56க்கு 94. ஃபேன் கனெக்டரும் வேறாக இருக்கலாம். அப்போது சில மெஷின்கள் ஃபேன் பழுது என்று சொல்லி, ஆன் செய்ததும் பூட் ஆகாமலே நின்றுவிடும். நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

விலை: பழையது பெரும்பாலும் மலிவு.

சத்தம்: 120 மி.மீ. ஃபேன் உள்ள டவர் மெதுவாகச் சுற்றியே குளிர்விக்கும்.

ஆயுள்: உலோகம் தேயாது, ஃபேன் தேயும். டவரில் ஃபேனை மட்டும் மாற்றுவது சுலபம்.

ஏற்காட்டுக் குளிரில் பில், கணக்கு மட்டும் என்றால் கம்பெனி ஹீட்சிங்க் போதும். சேலத்துக் கோடையில் நாள் முழுக்க ரெண்டர் (டிசைனை முழுப் படமாக்கும் கனமான வேலை) ஓடினால், மெஷினின் கேஸ் மூடுகிற உயரம் பார்த்து டவரே வாங்குங்கள்.