புலிக்குட்டி அஞ்சல்தலை: கூடுதல் காசு எங்கே போகிறது?

அமெரிக்க அஞ்சல் துறை 2011 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட, அழிந்துவரும் உயிரினங்களுக்கான நிதி அஞ்சல்தலைத் தாள் ஒன்றை, அங்கே வேலை பார்க்கும் என் சித்தி மகன் சில ஆண்டுகளுக்கு முன் கானாடுகாத்தானில் ஓர் அறுபதாம் கலியாணத்துக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். நிதி அஞ்சல்தலை என்றால், கடிதக் கட்டணத்துக்கு மேல் கூடுதல் விலை வைத்து, அந்தக் கூடுதலை ஒரு நற்பணிக்குக் கொடுக்கும் தலை. தாளுக்கு 20 தலைகள். எல்லாவற்றிலும் ஒரே படம், நான்சி ஸ்டால் வரைந்த அமுர் புலிக்குட்டியின் முகம். சேகரிப்பவனின் கண்ணோடும், காசு கொடுப்பவனின் கணக்கோடும் இதைப் பார்த்து எழுதுகிறேன்.

முதலில் படம். குட்டியின் முகம் மட்டுமே சட்டத்தை நிறைப்பதால், அஞ்சல்தலையின் சிறிய பரப்பிலும் பார்வை சிதறுவதில்லை. நம் அஞ்சல் துறை 1963இல் வெளியிட்ட வனவிலங்கு வரிசையில் காட்டெருமை, செம்பாண்டா, யானை, புலி, சிங்கம் என ஐந்து விலங்குகளுக்கு ஐந்து தலைகள் இருந்தன. அந்த வகைவகையான அழகு இதில் இல்லை. ஆனால் இதன் வேலை வேறு. விலங்கை அறிமுகப்படுத்துவதற்காக அல்லாமல், வாங்குபவரைக் கூடக் கொஞ்சம் காசு கொடுக்க வைப்பதற்காக அச்சிடப்பட்ட தலை இது. அதற்கு அந்தக் குட்டியின் முகம் போதும்.

இனி கணக்கு. வெளியானபோது இதன் விலை 55 சென்ட். அப்போது சாதாரணக் கடிதத்துக்கான கட்டணம் 44 சென்ட். மீதி 11 சென்ட்தான் நன்கொடை. ஒரு தாள் முழுவதும் வாங்கினால் 2 டாலர் 20 சென்ட் சேரும். அதிலும் அஞ்சல் துறை தன் நியாயமான செலவைக் கழித்துக்கொண்ட பிறகே மிச்சம் நிதிக்குப் போகும். அடுத்த ஆண்டு கடிதக் கட்டணம் 45 சென்ட் ஆனபோதும் இதன் விலை 55இலேயே நின்றதால், நன்கொடை ஒரு சென்ட் குறைந்தது. தொகை சிறிதுதான். 1897இல், உலகின் முதல் நிதி அஞ்சல்தலைகளாகச் சொல்லப்படுபவற்றை நியூ சவுத் வேல்ஸ் காசநோய் இல்லத்துக்காக வெளியிட்டபோது, ஒரு பென்னித் தலையை ஒரு ஷில்லிங்குக்கு, அதாவது பன்னிரண்டு மடங்கு விலைக்கு விற்றார்கள். அதை வாங்கியவர் கடிதம் அனுப்ப வாங்கியிருக்கமாட்டார். புலிக்குட்டித் தலையோ மின்கட்டண உறையிலும் ஒட்டக்கூடிய விலையில் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பலரிடமிருந்து சேர வேண்டும் என்பதே இதன் ஏற்பாடு.

நான் இதற்கு நல்ல மதிப்பெண் கொடுப்பது, பணம் போகும் இடம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பதற்காக. ஆப்பிரிக்க யானை, ஆசிய யானை, காண்டாமிருகமும் புலியும், பெரிய குரங்கினங்கள், கடலாமை எனத் தனித்தனியாக உள்ள நிதிகளுக்கு, அந்நாட்டு மீன்வள வனவிலங்குத் துறை வழியாக அது பிரிகிறது. அவற்றிலிருந்து இந்தியாவில் நடக்கும் யானை, புலிப் பாதுகாப்புப் பணிகளுக்கும் நல்கை வந்திருக்கிறது. ‘வனவிலங்குகளுக்கு உதவுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லி உண்டியலை நீட்டும் விற்பனைகளுக்கு நடுவே இந்தத் தெளிவு அரிது. இதைவிடத் தாராளமானது அமெரிக்காவின் வாத்து முத்திரைத் தலை. 1934இல் ஒரு டாலருக்குத் தொடங்கிய அது இன்று 25 டாலர். கிடைக்கும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் பறவைகளின் ஈரநிலங்களுக்குப் போகிறது. ஆனால் அதைக் கடிதத்தில் ஒட்ட முடியாது. வேட்டைக்காரர்கள் கட்டாயமாகவும் மற்றவர்கள் விரும்பியும் வாங்கும் உரிமச் சீட்டு அது.

சேகரிப்பவர்களுக்கு ஒரு குறை. இது தானாகவே ஒட்டிக்கொள்ளும் தலை. பழைய தலைகளைப் போல வெந்நீரில் ஊறவைத்து உறையிலிருந்து பிரித்தெடுக்கலாம் என்று நினைத்தால் நடக்காது, பசை கரைவதில்லை. பயன்படுத்திய தலை வேண்டுமானால் உறையோடு சேர்த்து நறுக்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். (தண்ணீர் என்றதும் நம் துறை 1994இல் வெளியிட்ட அருகிவரும் நீர்ப்பறவைகள் வரிசை நினைவுக்கு வருகிறது. நனைத்தால் மை கரைந்ததால் அதை விற்பனையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள். நீர்ப்பறவைகளுக்கா அந்த மை!)

எங்கே வாங்குகிறோம் என்பது எல்லாவற்றையும் விட முக்கியம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போனவர்கள் வீட்டுக்கு எழுதிய உறைகளுக்கிடையே, பாண்டா சின்னம் போட்ட தலைகளும் அவ்வப்போது கிடைக்கும். இலங்கை 1986இல் வெளியிட்ட யானை வரிசையை நான் அப்படித்தான் வாங்கினேன். உலக இயற்கை நிதியம் 1983 முதல் பல நாடுகளோடு சேர்ந்து நடத்திய திட்டத்தின் தலைகள் அவை. சேகரிப்புத் தொகுப்புகள் விற்றபோது நிதியத்துக்குப் பங்கு கிடைத்தது. நான் கடைக்காரரிடம் கொடுத்த பணத்தில் யானைக்கு ஒரு பைசாவும் போகவில்லை. புலிக்குட்டித் தாளும் அப்படியே: அஞ்சல் துறையிடம் நேராக வாங்கினால்தான் நன்கொடை; வியாபாரியிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்கினால் அது சேகரிப்பு மட்டுமே.

இங்கே இது போன்ற ஒன்று இல்லை என்பதும் உறுத்துகிறது. முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 1971 நவம்பரிலிருந்து வங்காள அகதிகளுக்காகக் கடிதங்களில் 5 பைசாத் தலை ஒன்றைக் கூடுதலாக ஒட்டினோம். அது கட்டாயம். விரும்பிக் கொடுப்பதற்கும் மக்கள் தயங்குவதில்லை: நம் படத்தோடு அச்சிட்டுத் தரும் ‘மை ஸ்டாம்ப்’ தாள் ஒன்றுக்கு 300 ரூபாய் கொடுக்கிறோம், அதிலுள்ள 12 தலைகளின் முகமதிப்போ மொத்தம் 60 ரூபாய். கலியாணத்துக்கும் மணிவிழாவுக்கும் அதை அச்சிட்டுக்கொள்கிற ஊரில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்து நத்தைகுத்தி நாரையின் படத்தோடு ஒரு நிதித் தலை வந்தால் விற்காமல் போகாது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் உறவினர் இருப்பவர்கள், அங்கு இருப்பு உள்ளதா என்று கேட்டு, அஞ்சல் நிலையத்திலோ துறையின் சொந்த இணையக் கடையிலோ வாங்கச் சொல்லலாம். இந்தியாவுக்குக் கடிதம் போட இந்த ஒரு தலை போதாது, மேலும் தலைகள் ஒட்ட வேண்டும். ஆல்பத்துக்கு ஒரு தாள் போதும். மற்றதை அவர்களே கடிதங்களில் ஒட்டித் தீர்க்கட்டும்.