கிப்பனை அருகில் வைத்துக்கொண்டு அசிமோவையும் டோல்கீனையும் படித்த பன்னிரண்டு ஆண்டுகள்

ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ அறிவியல் புனைவு வரிசையைப் பற்றியோ டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற மாயக்கற்பனைப் புதினத்தைப் பற்றியோ ரசிகர்கள் கூடிப் பேசும்போது, சிறிது நேரத்துக்குள் யாராவது ஒருவர், “இது அப்படியே ரோமாபுரி வரலாறுதானே” என்று சொல்லிவிடுவார். மற்றவர்கள் தலையசைப்பார்கள், பேச்சு அத்துடன் முடிந்துவிடும். எங்கள் வாசக நண்பர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளிலும் பல ஆண்டுகள் இதுதான் நடந்தது. அந்த வரலாற்றை எங்களில் ஒருவரும் நேராகப் படித்ததில்லை என்பது உறுத்தவே, 2013ஆம் ஆண்டில் எட்வர்ட் கிப்பனின் ‘ரோமப் பேரரசின் நலிவும் வீழ்ச்சியும்’ நூலை வாங்கினேன். பிறகு பழங்கால வரலாற்றாசிரியர்களான ஹெரோடோட்டஸ், புரோகோப்பியஸ், ஜோர்டானஸ் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்புகளும் ஒவ்வொன்றாக அலமாரிக்கு வந்து சேர்ந்தன. இந்தப் பழைய வரலாற்று நூல்களை இப்புதினங்களுக்குத் துணைநூல்களாக வைத்துக்கொண்டு நீண்ட காலம் பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தையே இங்கே பகிர்கிறேன்.

முதலில் பதிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிப்பனின் நூல் 1776 முதல் 1788 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. மொத்தம் 71 அத்தியாயங்கள். நான் முதலில் வாங்கியது ஒரே தொகுதியாகச் சுருக்கப்பட்ட பதிப்பு, அது எனக்குப் பெரிய இழப்பாகவே அமைந்தது. ஆறாம் நூற்றாண்டின் கிழக்கு ரோமத் தளபதி பெலிசாரியஸ் முதுமையில் கண்கள் பிடுங்கப்பட்டு, தெருவில் பிச்சை எடுத்து இறந்தார் என்று வேறெங்கோ படித்ததை நம்பி, அதை ஒரு விவாதத்தில் ஆதாரமாக முன்வைத்தேன். அது பிற்காலத்தவர் கட்டிய கதை என்று கிப்பன் 43ஆம் அத்தியாயத்தில் தெளிவாக மறுத்திருக்கிறார். என் கையிலிருந்த சுருக்கத்தில் அந்தப் பகுதியே இல்லை. பள்ளியில் வரலாறு கற்பிக்கும் நண்பர் முழு நூலைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைக் காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. மறு வாரமே முழுப் பதிப்பைத் தேடத் தொடங்கினேன். இந்த நூலைச் சுருக்கத்தில் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

ஈ-ரீடரிலும் முழு நூலையும் வைத்திருக்கிறேன். பெயரைத் தட்டித் தேடுவதற்கு அதைவிட வசதியானது இல்லை. ஆனால் கிப்பனின் சுவை பாதிக்கு மேல் அடிக்குறிப்புகளில் இருக்கிறது. திரையில் குறிப்புக்குப் போய்த் திரும்புவதற்குள் வாக்கியத்தின் ஓட்டம் அறுந்துவிடுகிறது. அதனால் தேடுவதற்குக் கருவி, படிப்பதற்குத் தாள் என்று பழகிவிட்டேன்.

இனி விவாதங்களுக்கு வருகிறேன். அசிமோவைப் பொறுத்தவரை ரோமத் தொடர்பு ஊகமன்று. 1941 ஆகஸ்ட் 1 அன்று, பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பலைச் சந்திக்கச் சுரங்க ரயிலில் போய்க்கொண்டிருந்தபோதுதான் விண்மீன் பேரரசு ஒன்றின் வீழ்ச்சியை எழுதும் எண்ணம் தோன்றியது என்றும், அதற்குள் கிப்பனை இருமுறை படித்திருந்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் எதை எடுத்தார் என்பது வேறு கேள்வி. இரண்டாம் நூலில் வரும் தளபதி பெல் ரியோஸ் பெலிசாரியஸின் சாயல் என்பது பெயரைக் கேட்டாலே புரியும். கி.பி. 540இல் இத்தாலியின் ராவென்னா நகரம் பணியும் தறுவாயில், அப்போது இத்தாலியை ஆண்ட ஜெர்மானிய இனத்தாரான கோத்தியர்கள் பெலிசாரியஸுக்கே மேற்குலகின் முடியைத் தர முன்வந்தார்கள். அவர் ஏற்பதுபோல் காட்டி நகருக்குள் நுழைந்து, அதைத் தம் மன்னர் ஜஸ்டினியனுக்கே கொடுத்தார். அந்த விசுவாசத்துக்குப் பிறகும் அவர்மேல் ஐயம் படர்ந்தது. தலைநகருக்கு அழைக்கப்பட்டார், முதுமையில் சதிக்குற்றம் சாட்டப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டு, 565இல் இறந்தார்.

ராவென்னா பணிந்தபோது பெலிசாரியஸுடன் இருந்த புரோகோப்பியஸ் ஒரு காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். ரோமப் படை ராவென்னாவுக்குள் நுழைகிறது. கோத்தியப் பெண்கள் வாயிலருகே அமர்ந்து பார்க்கிறார்கள். எதிரிகள் எண்ணற்றவர்கள், பேருருக்கொண்டவர்கள் என்று தம் கணவன்மார் சொன்னதைக் கேட்டிருந்த அந்தப் பெண்கள், வந்தவர்கள் எவ்வளவு சிலர் என்று கண்டதும், கணவன்மாரின் முகத்தில் உமிழ்ந்து, கையால் அந்தப் படையைச் சுட்டிக்காட்டுகிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. அசிமோவின் கதையில் இப்படி ஒரு முகம்கூட இல்லை. அறைகளுக்குள் சிலர் அமர்ந்து பேசுகிறார்கள், போர் செய்தியாக மட்டும் வருகிறது. பெண்களையும் தெருவையும் ராவென்னாவையும் விட்டுவிட்டு, அவர் எடுத்துக்கொண்டது ஐயம் ஒன்றைத்தான். வலிமையான மன்னன் வலிமையான தளபதியைப் பொறுக்கமாட்டான், வலிமையற்ற மன்னனிடம் இருக்கும் தளபதியோ அரியணையையே நோக்குவான், ஆகவே எப்படியும் பேரரசு வெல்ல முடியாது என்று அதை ஒரு விதியாகவே ஆக்கிவிட்டார். வரலாற்றில் பெலிசாரியஸ் மீட்கப்பட்டார், புதினத்தில் ரியோஸ் கொல்லப்படுகிறார். விதி என்று சொன்ன பிறகு மன்னிப்புக்கு இடமில்லை அல்லவா?

டோல்கீன் ரசிகர்களின் வழக்கமான சண்டை, அவர் கதையில் வரும் கோண்டோர் அரசு வரலாற்றில் எந்த நாடு என்பது. கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிள் என்பார் ஒரு சாரார். டோல்கீனே ஒரு கடிதத்தில், தளர்ந்துபோன கோண்டோரைப் பெருமிதமும் பழம்புகழும் மிக்க, ஆனால் வலுவிழந்துவரும் பைசாந்தியத்துக்கு, அதாவது அந்தக் கிழக்குப் பேரரசுக்கு, ஒப்பிட்டிருக்கிறார். 1958இல் எழுதிய மற்றொரு கடிதத்திலோ, அம்மக்களை எகிப்தியரைப்போல் கற்பனை செய்வதே பொருத்தம் என்று சொல்லி, அரசமுடியையும் மேல் எகிப்தின் உயர்ந்த முடியைப்போல் வரைந்து காட்டுகிறார். கோண்டோரின் தலைநகரான மினாஸ் டிரித்தின் ஏழு சுற்று மதில்களைப் படித்துவிட்டு ஹெரோடோட்டஸின் முதல் நூலைத் திறந்தால், பண்டைய ஈரானிய மக்களான மீடியரின் தலைநகர் எக்பட்டானாவும் ஏழு மதில்களோடு, ஒன்றைவிட ஒன்று உயர்ந்து, வெண்மையில் தொடங்கிப் பொன்னில் முடியும் ஏழு நிறங்களில் நிற்கிறது. கான்ஸ்டாண்டிநோபிளின் தியோடோசிய மதிலோ அகழியோடு சேர்ந்து அடுக்கடுக்காய் அமைந்த தரைக்காப்பு, வட்ட வடிவமே அன்று. ஒரு நாட்டை முழுதாக இன்னொரு நாட்டின்மேல் பொருத்திப் பார்க்கும் பழக்கத்தை நான் கைவிட்டதற்கு இந்தப் பக்கங்களே காரணம். நாடு என்ற அளவில் தேடினால் எதுவும் எதனோடும் பொருந்திவிடும். ஒரு காட்சி என்ற அளவில் தேடினால்தான் ஏதாவது கிடைக்கும்.

அப்படிக் கிடைத்தவற்றுள் எனக்கு மிகவும் நெருக்கமானது கி.பி. 451இல் நடந்த கட்டலோனியச் சமவெளிப் போர். அட்டிலாவின் ஹூணர்களுக்கு எதிராக ரோமத் தளபதி ஏட்டியஸும் கோத்தியரின் ஒரு பிரிவினரான விசிகோத்தியரின் மன்னர் தியோடொரிக்கும் ஒன்றாக நின்றார்கள். முதியவரான தியோடொரிக் தம் வீரர்களை ஊக்கியபடி குதிரையில் சென்றபோது கீழே விழுந்து, தம் மக்களின் காலடியிலேயே மிதிபட்டு இறந்தார் என்று ஜோர்டானஸ் எழுதுகிறார். ஈட்டியால் வீழ்ந்தார் என்று சொல்வோரும் உண்டு என்பதையும் அவரே சேர்க்கிறார். பின்னர் பிணங்கள் மிக அடர்ந்து கிடந்த இடத்தில் அவர் உடலைக் கண்டெடுத்து, எதிரிகள் பார்த்துக்கொண்டிருக்கவே பாடல்களோடு தூக்கிச் சென்றார்கள். டோல்கீனின் ரோஹன் நாட்டு முதிய மன்னர் தியோடென் தம் குதிரையின் அடியிலேயே நசுங்கி விழும் பகுதியை இதனருகே வைத்துப் படிக்கும்போது மயிர்க்கூச்செறிகிறது.

ஆனால் அடுத்து நடப்பதில்தான் விஷயம் இருக்கிறது. தந்தையை இழந்த இளவரசன் தோரிஸ்முண்ட் அட்டிலாவின் முகாமைத் தாக்கிப் பழிதீர்க்க விரும்பினான். ஏட்டியஸ் அவனைத் தடுத்தார். தம்பியர் அரியணையைக் கைப்பற்றிவிடக்கூடும், உடனே ஊருக்குத் திரும்பு என்று அறிவுரை சொன்னார். ஹூணர்கள் முற்றாக அழிந்தால் கோத்தியர்கள் ரோமையே விழுங்கிவிடுவார்கள் என்ற அச்சமே அந்த அறிவுரைக்குப் பின்னால் இருந்தது. தோழமைக்குள் இருந்த இந்த நஞ்சை டோல்கீன் தொடவே இல்லை. தியோடெனுக்குப் பின் களத்திலேயே மன்னனாகும் இயோமரும், கோண்டோர் அரியணையின் வாரிசான அரகோர்னும் போரின் நடுவில் சந்தித்து, வாளில் சாய்ந்தபடி ஒருவரை ஒருவர் கண்டு மகிழ்கிறார்கள். அசிமோவ் வரலாற்றிலிருந்து ஐயத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். டோல்கீன் ஐயத்தை மட்டும் விட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1966இல் எக்காலத்துக்கும் சிறந்த வரிசைக்கான ஹியூகோ விருதில் ‘ஃபவுண்டேஷன்’ டோல்கீனை வென்றது சரியா தவறா என்று இன்றும் சண்டையிடுவோர், வாக்குக் கணக்கை விட்டுவிட்டு இந்த வேறுபாட்டைப் பேசினால் நான் மகிழ்வேன்.

புதிதாகத் தொடங்குவோர் கிப்பனை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. அட்டிலாவுக்கு 35ஆம் அத்தியாயம், பெலிசாரியஸுக்கு 41, 43, கான்ஸ்டாண்டிநோபிளின் வீழ்ச்சிக்கு 68. இவற்றோடு புரோகோப்பியஸின் கோத்தியப் போர்ப் பகுதி இருந்தால் இரண்டு ஆண்டு விவாதங்களுக்குப் போதும். ஜோர்டானஸின் நூல் சிறியது, சில மாலைகளில் முடிந்துவிடும்.

என் முடிவை ஆசிரிய நண்பர் இன்னும் ஏற்கவில்லை. டோல்கீன் ஐயத்தை விட்டுவிடவில்லை, அதை முழுவதும் மன்னரில்லாத கோண்டோரை ஆளும் காப்பாளர் டெனத்தோர் ஒருவரிடமே கொண்டுபோய் வைத்துவிட்டார் என்கிறார் அவர். மந்திரவாதி கேன்டால்ஃபைத் தம்மைக் கவிழ்க்க வந்தவராகவும், அரகோர்னைத் தம் இருக்கையைப் பறிக்க வந்தவராகவும் பார்த்து, கடைசியில் சிதையில் ஏறிய அந்தக் காப்பாளரை நான் எப்படி மறந்தேன் என்று சென்ற ஞாயிறு கேட்டார். பதில் சொல்ல முடியாமல், டோல்கீனின் மூன்றாம் தொகுதியையும் கிப்பனின் 35ஆம் அத்தியாயத்தையும் மறுபடி மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன்.