சென்னையில் ஒரு துல்லியமான சின்னத் தராசு

லண்டனில் வேப் (மின்சிகரெட்) திரவத்தை வீட்டிலேயே கலந்துகொள்கிறவர்கள் கொஞ்ச நாளில் சிரிஞ்சை ஓரம் வைத்துவிட்டுத் தராசுக்கு வந்துவிடுவார்கள். திரவத்தின் பெரும்பகுதி வெஜிடபிள் கிளிசரின். அது சிரிஞ்சின் சுவரில் ஒட்டிக்கொண்டு, குமிழி விட்டு, எத்தனை மில்லி இறங்கியது என்று பார்க்கவே விடாது. எடைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு மில்லி கிளிசரின் 1.26 கிராம், அதோடு சேர்க்கும் இன்னொரு திரவமான புரொப்பிலீன் கிளைக்கால் ஒரு மில்லி 1.04 கிராம். பாட்டிலைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டே போகலாம். கழுவுகிற வேலையும் மிச்சம்.

ஆனால் சமையலறைத் தராசு இதற்கு உதவாது. ஒரு சொட்டு ஏறக்குறைய 0.02 அல்லது 0.03 கிராம்தான் இருக்கும். 30 மில்லி பாட்டிலில் 5 சதவீதம் ஃப்ளேவர் என்றால் மொத்தமே ஒன்றரை மில்லி. அதில் 0.1 கிராம் கூடினாலும் குறைந்தாலும் ருசியில் தெரியும். ருசி போனால் போகட்டும், நிக்கோட்டின் அப்படி விட்டுவிடக்கூடிய பொருள் இல்லை. அது விஷம். பிரிட்டனில் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் உள்ள வேப் திரவத்தைக் கடையில் விற்கக்கூடாது, அதுவும் 10 மில்லிக் குப்பிகளில்தான் விற்க வேண்டும். 2016இல் வந்த விதி. நாங்கள் வாங்குவது பெரும்பாலும் 18 மில்லிகிராம் குப்பிகள். 100 மில்லியில் மில்லிக்கு 3 மில்லிகிராம் வேண்டுமென்றால் அதிலிருந்து 16.7 மில்லி சேர்க்க வேண்டும். கண்ணளவில் செய்கிற காரியம் இல்லை இது.

இந்தத் தடவை ஊருக்குக் கிளம்பும்போது என் பழைய பாக்கெட் தராசு பழுதாகிக் கிடந்தது. சவரன் கணக்கிலும் மில்லிகிராம் கணக்கிலும் தங்கம் நிறுக்கும் ஊரில் நல்ல தராசு கிடைக்காமலா போகும் என்று சென்னையிலேயே வாங்க முடிவு செய்தேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தியாவில் மின்சிகரெட்டுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி முழுத் தடை. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைப்பது எல்லாம் குற்றம். இறக்குமதி, விற்பனை போன்றவற்றுக்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் கருவி, திரவம், நிக்கோட்டின் எதையும் நான் கொண்டு வரவில்லை. நீங்களும் கொண்டு வராதீர்கள். 'பெட்டியில் ஒன்றுதானே, யார் பார்க்கப் போகிறார்கள்' என்று சொல்லும் நண்பர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். ஊரில் இருந்த நாட்களுக்கு 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் போதுமானதாக இருந்தது. மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. தராசு வாங்க எந்தத் தடையும் இல்லை.

முதலில் ஆன்லைனில்தான் பார்த்தேன். ஆயிரம் ரூபாய்க்குள் 500 கிராம் வரை, 0.01 கிராம் துல்லியம் என்று போட்ட பாக்கெட் தராசுகள் வரிசையாக வந்தன. ஒன்றை வரவழைத்தோம். பர்ஸில் பிரிட்டிஷ் சில்லறை இருந்தது. அது நல்ல சோதனைக் கருவி: 1 பென்னி 3.56 கிராம், 2 பென்னி சரியாக அதன் இரட்டிப்பு 7.12, 20 பென்ஸ் 5 கிராம். தேய்ந்த நாணயம் கொஞ்சம் குறையும், ஆனால் வைக்கிற ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும் அல்லவா? இந்தத் தராசு தட்டின் நடுவில் ஒரு எண், ஓரத்தில் வேறொரு எண் காட்டியது. அப்புறம் ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, தண்ணீரை மெதுவாகச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். ஐந்தாறு சொட்டு விழுந்தும் பூஜ்யத்திலேயே நின்றது. நடுவில் தானாக அணைந்தும் போனது. திருப்பி அனுப்புவதில் சிரமமே இல்லை. ஒரு தம்பி வீட்டு வாசலுக்கு வந்து வாங்கிப்போனார், பணமும் திரும்பி வந்தது. அந்தச் சேவையைக் குறை சொல்ல மாட்டேன்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலும் விசாரித்தேன். கிடைத்தவை அதே வகைதான், விலை பேசலாம் என்பது மட்டும் கூடுதல். பெட்டியைப் பிரித்துச் சோதித்துப் பார்க்க ஒரு கடையில் விடவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அத்தான்தான் வழி சொன்னார். "தராசு விக்கிற கடைய ஏன்பா தேடுற? தராசு ரிப்பேர் பண்றவங்களத் தேடு." அவருக்குத் தெரிந்த நகை ஆசாரி ஒருவர் என்.எஸ்.சி. போஸ் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கிறார். மறுநாள் மெட்ரோவில் ஐகோர்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். பட்டறைக்குள் தராசு ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது. நிறுப்பதற்கு முன் பையன் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினான். யாரும் சொல்லவில்லை, பழக்கம். கூண்டு இருந்தும் விசிறியை நிறுத்துகிறார்கள்! என் லண்டன் சமையலறையில் ஜன்னலைத் திறந்து வைத்தபடியே எடை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது நல்ல பாடம். ஆசாரி தன் தராசுக்குச் சர்வீஸ் செய்கிற கடையைக் கைகாட்டினார்.

அந்தக் கடையைப் பற்றித்தான் எழுத ஆசை. சௌகார்பேட்டையின் நெரிசலுக்குள், மாடியில், ஒரே அறை. சுவரெல்லாம் திறந்து கிடக்கும் தராசுகள், எடையை உணரும் லோடு செல்கள், சர்க்யூட் போர்டுகள். உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா காலத்தில் இரும்பு எடைக்கல்லும் தட்டுத் தராசும் பழுது பார்த்தார்களாம்.

"என்ன நிறுக்கப் போறீங்க சார்? சென்ட்டா?" என்றார். நைனியப்ப நாயக்கன் தெருவில் வாசனைப் பொருள் கலக்குகிறவர்கள் அவரிடம் வாங்குவார்கள் போல. நான் மறைக்காமல் சொன்னேன். "இங்க அது தடை ஆச்சே?" என்றார். லண்டனில் என் வீட்டில் கலப்பதற்கு என்றதும் தலையாட்டிவிட்டுக் கேள்விக்குப் போய்விட்டார். பாட்டில் எவ்வளவு பெரிசு? காலி பாட்டில் எவ்வளவு எடை? ஒரு தடவைக்கு எவ்வளவு கலப்பீர்கள்? சொட்டா, ஊற்றுவதா?

இந்தக் கேள்விகளை யாரும் அதுவரை கேட்கவில்லை. நான் மனதில் வைத்திருந்தது 50 கிராம் வரை நிறுக்கும், 0.001 கிராம் துல்லியமுள்ள நகைத் தராசு. அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். எழுபது பங்கு கிளிசரின், முப்பது பங்கு கிளைக்கால் சேர்ந்த 100 மில்லி சுமார் 119 கிராம் வரும். பாட்டிலையும் சேர்த்தால் 140ஐத் தொடும். "ஐம்பது கிராம் மெஷின்ல நிறைஞ்ச பாட்டிலை ஏத்த முடியாதே சார். மூணாவது டெசிமல் உங்களுக்கு எதுக்கு? ஒரு சொட்டே இருபது மில்லி." நகைத் தொழிலில் மில்லி என்றால் மில்லிகிராம். 0.01 கிராம் துல்லியம், 300 கிராம் வரை தாங்கும், காற்றுத் தடுப்பு மூடி உள்ள ஒன்றைக் காட்டினார்.

அதை அவர் சோதித்த விதத்தை இன்னும் பலருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தராசை இயக்கி அரை மணி நேரம் அப்படியே விட்டார். சூடாகி நிலைக்கு வர வேண்டுமாம். குமிழி பார்த்துக் கால்களைத் திருகி மட்டம் செய்தார். சாமணத்தால் எடைக்கல்லை எடுத்து நடுவில், பிறகு நான்கு மூலைகளிலும் வைத்தார். ஐந்து இடத்திலும் ஒரே எண். ஆன்லைன் தராசு சொட்டுகளை விழுங்கியதைச் சொன்னேன். உடனே விளக்கினார்: பூஜ்யத்தை ஒட்டி வருகிற சின்னச் சின்ன மாற்றங்களைக் காற்று, வெப்பம் என்று நினைத்துத் தராசு தானே அழித்துவிடும். நிலையாகப் பூஜ்யம் காட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு. மெதுவாகச் சொட்டினால் சொட்டையும் சேர்த்து அழிக்கும். நல்ல தராசில் மெனுவுக்குள் போய் அதை நிறுத்தலாம். என் கண் முன்னாலேயே நிறுத்திக் காட்டினார். நிறுத்த வழியில்லாத தராசு கையில் இருந்தால், பாட்டிலை வைத்துப் பூஜ்யமாக்கிய பிறகு பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுச் சொட்டச் சொன்னார். எண் பூஜ்யத்தைவிட்டு விலகியிருப்பதால் சொட்டு தொலையாது, கடைசியில் நாணயத்தின் எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

வியாபாரத்துக்கு என்றால் முத்திரை ஆய்வரிடம் காட்டி ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும், வீட்டு உபயோகத்துக்குத் தேவையில்லை என்றார். பணம் கொடுக்கப் போனபோதுதான் கேட்டார்: "எடைக்கல் இருக்கா?" இல்லை என்றேன். "அப்ப இதையும் எடுத்துக்கோங்க. லண்டன்ல இது வேற எடை காட்டும்."

விஷயம் இதுதான். இந்த மாதிரித் தராசு பொருள் அழுத்தும் விசையைத்தான் அளக்கிறது. பூமியின் ஈர்ப்பு நிலநடுக்கோட்டுக்கு அருகே குறைவு, துருவம் நோக்கிப் போகப் போகக் கூடும். சென்னை 13 பாகை வடக்கு, லண்டன் 51 பாகைக்கும் மேலே. வித்தியாசம் சுமார் 0.3 சதவீதம். சென்னையில் சரி செய்த தராசு லண்டனில் 100 கிராமை 100.3 என்று காட்டும். கலவைக்கு விகிதம்தான் முக்கியம், எல்லாப் பொருளும் ஒரே அளவில் கூடுவதால் கலவை கெடாது என்பது உண்மைதான். ஆனால் எண் தப்பும்போது தராசு பழுதா, இடம் மாறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு எடைக்கல் வேண்டும். அவரிடம் 200 கிராம் கல்லில் இரண்டு தரம் இருந்தது. எம்1 தரத்தில் 10 மில்லிகிராம் வரை பிழை இருக்கலாம், அது என் தராசின் ஒரு படி. எஃப்2 தரத்தில் 3 மில்லிகிராம்தான். எஃப்2 வாங்கினேன். தராசு சில ஆயிரம் ரூபாய்தான் ஆயிற்று, கல்லின் விலை எனக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. இரண்டுக்கும் ஜிஎஸ்டி பில் போட்டுக் கொடுத்தார்.

விமானத்தில் போகும் என்றதும் தராசுக்குள் இருந்த ஆறு வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அடாப்டரில் மட்டும் ஓடும்படி செய்து தந்தார். இங்கேயும் அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்கை மாற்றும் ஒரு சின்ன அடாப்டர் போதும். நானாகக் கேட்டிருக்க மாட்டேன். பாதுகாப்புச் சோதனையில் பேட்டரிக்காகத் தகராறு வராமல் போனது அவரால்தான்.

திரும்பும் வழியில் நைனியப்ப நாயக்கன் தெருவில் எசன்ஸ் கடைகளைக் கடந்தோம். ஏலக்காய், ரோஜா, மாம்பழம் என்று மணம் மூக்கைத் துளைத்தது. ஒன்றும் வாங்கவில்லை. எண்ணெயில் கரைத்த எசன்ஸையோ அத்தரையோ வேப் திரவத்தில் சேர்க்கவே கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியா வரும். சாப்பிடப் பாதுகாப்பானது உள்ளிழுக்கவும் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் அப்படிப்பட்டதுதான்: பலகாரத்தில் சரி, மூச்சில் கேடு. அடுத்த முறை யாராவது 'சென்னையில் எசன்ஸ் மலிவு' என்று சொன்னால் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள்.

லண்டன் வந்து தராசை இயக்கி, அரை மணி காத்திருந்து, கல்லை வைத்தேன். 200.6ஐ ஒட்டி நின்றது. பெரியவர் சொன்ன கணக்கு அப்படியே. எடையைச் சரிசெய்யும் காலிபரேஷன் பொத்தானை அழுத்தி மறுபடி வைத்தபோது 200.00. மெனுவில் ஒரு சந்தேகம் வந்து அவருக்கு வாட்ஸ்அப்பில் தராசின் திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். எந்தப் பொத்தானை எத்தனை நொடி அழுத்த வேண்டும் என்று குரல் பதிவாகப் பதில் வந்தது. இப்போது சொட்டு ஒவ்வொன்றும் கணக்கில் வருகிறது.

டொராண்டோவுக்குக் கொண்டு போகிறவர்களுக்கு வித்தியாசம் 100 கிராமுக்கு 0.2 கிராம் அளவில் இருக்கும், அவர்களும் எடைக்கல் வாங்கத்தான் வேண்டும். சிங்கப்பூர்க்காரர்களுக்கு 0.02, 0.03 கிராம்தான், அதுவும் குறைவாகக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை சௌகார்பேட்டைப் பக்கம் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், வேறு நாளில் காலையிலேயே போய்விடுங்கள். நீங்கள் கலக்கப் பயன்படுத்தும் காலி பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதை நிறுத்து, கலக்கும் திரவத்தின் எடையையும் கூட்டிப் பார்த்தால் எத்தனை கிராம் வரை தாங்கும் தராசு வேண்டும் என்று கடையிலேயே தெரிந்துவிடும்.