சம்மன் வரவில்லை, தீர்ப்பு வந்தது: நியூயார்க்கில் கடன் வசூலிப்போர் செய்யும் வேலை

நியூயார்க்கில் வாடகைக்கு இருந்துவிட்டு வேறு ஊருக்குக் குடிபோன நம்மவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். கடன் வசூல் நிறுவனம் ஒன்று எனக்கே தெரியாமல் என்மீது வழக்குப் போட்டு, நான் ஆஜராகவில்லை என்று தீர்ப்பும் வாங்கி, என் வங்கிக் கணக்கை முடக்கிவிட்டது. நான் எப்போதோ முடித்துவிட்ட கிரெடிட் கார்டில் 3,800 டாலர் பாக்கியாம். அந்த மாநிலச் சட்டப்படி தீர்ப்புத் தொகையில் இரண்டு மடங்கு வரை வங்கியில் நிறுத்திவைக்க முடியும். வாடகைக் காசோலை திரும்பிய பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

வங்கியில் விசாரித்தால், நிறுவனத்தின் வக்கீல் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். அங்கே ஓர் அம்மையார் தேன் ஒழுகப் பேசினார். மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அன்றே கணக்கை விடுவிப்பதாகச் சொல்லி ஓர் ஒப்பந்தத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். அதன் கடைசிப் பத்தியில், பொடி எழுத்தில், சம்மன் சார்வு செய்யப்பட்ட (அதாவது, என்னிடம் சேர்ப்பிக்கப்பட்ட) விதம் குறித்தோ நீதிமன்றத்தின் அதிகாரம் குறித்தோ எனக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு வரி. அத்தனை தேனும் அந்த வரிக்காகத்தான். அதில் கையெழுத்திட்டால், என் கையில் இருக்கும் ஒரே ஆயுதத்தை நானே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

நேரே நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதி சிவில் நீதிமன்றத்துக்குப் போய் வழக்குக் கட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். உள்ளே சம்மன் கொடுத்தவரின் பிரமாண வாக்குமூலம். என் பழைய வீட்டில் ‘உடன் குடியிருப்பவர்’ ஒருவரிடம் கொடுத்தாராம். ஆண், கறுப்பு முடி, ஐந்தடி ஒன்பது அங்குல உயரம், பெயர் சொல்ல மறுத்துவிட்டார். தன் பெயரையே சொல்லாத அந்தப் புண்ணியவான், நான் அமெரிக்க ராணுவத்தில் இல்லை என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்! அந்தத் தேதிக்குப் பல மாதங்கள் முன்பே நான் நியூஜெர்சிக்கு வந்துவிட்டேன். அந்த வீட்டில் இருந்தபோதும் என்னுடன் இருந்தவர் என் அம்மா மட்டும்தான்.

‘கடன் நிஜமாக இருந்தால் என்ன செய்வாய், பேசாமல் கட்டிவிடு’ என்றார் ஒரு நண்பர். இதைத்தான் நம்பக் கூடாது. 1868இல் வந்த 14ஆம் அரசியலமைப்புத் திருத்தம், உரிய சட்ட நடைமுறை இல்லாமல் எந்த நபரின் உடைமையையும் மாநிலம் பறிக்கக் கூடாது என்கிறது. குடிமக்கள் என்று அங்கே சொல்லவில்லை. எச்-1பி விசாவில் இருப்பவருக்கும் அந்த உரிமை உண்டு. டெக்சஸில் சுமார் 5,600 டாலர் மருத்துவமனைப் பாக்கிக்காக பெரால்டா என்பவர்மீது இப்படித் தீர்ப்பு வாங்கி, அவருடைய சொத்தையே விற்றுவிட்டார்கள். முறையாகத் தகவல் கொடுத்திருந்தாலும் அவரிடம் வலுவான எதிர்வாதம் இல்லையே என்று மாநில நீதிமன்றங்கள் கையை விரித்தன. 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தகவல் தெரிந்திருந்தால் அவர் சமரசம் பேசியிருக்கலாம், சொத்தைத் தானே நல்ல விலைக்கு விற்றிருக்கலாம். அந்த வாய்ப்பைப் பறித்ததே தவறு என்றது.

தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் படிவம் நீதிமன்றத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதை நிரப்பிக் கொடுத்தேன். நீதிபதி கையெழுத்திட்டு, விசாரணை முடியும்வரை வசூலை நிறுத்திவைத்தார். நான் முன்பே வீடு மாறிவிட்டதைக் காட்ட, வாடகை ஒப்பந்தத்தைவிட எனக்குக் கைகொடுத்தது ஏஆர்-11 ரசீது. குடியுரிமை இல்லாதவர்கள் முகவரி மாறினால் 10 நாட்களுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கும் படிவம் அது. பெரும்பாலோர் அதன் ரசீதை வைத்துக்கொள்வதே இல்லை. நியூயார்க் நகரில் சம்மன் கொடுப்பவர்கள் உரிமம் பெற்றவர்கள். போன இடத்தை ஜிபிஎஸ்ஸில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவைக் கொண்டுவரச் சொன்னபோது ஆளும் வரவில்லை, பதிவும் வரவில்லை. தீர்ப்பு ரத்தாகி, வழக்கும் தள்ளுபடியானது.

சம்மன் சரியாகச் சார்வு ஆகவில்லை என்ற காரணத்துக்குச் சட்டத்தில் கால வரம்பு இல்லை. வேறு காரணங்களால் ஆஜராகத் தவறியவர்களுக்குத்தான் ஓராண்டுக் கெடு. ஆனால் இந்த ஆட்சேபத்தை முதல் மனுவிலேயே எழுத வேண்டும். விட்டுவிட்டால் பிறகு எடுக்க முடியாது.

அவர்கள் புதிதாக வழக்குப் போடக்கூடும். கார்டை முடித்ததற்கான கடிதம் என்னிடம் இருக்கிறது. கணக்கை முடக்கியதற்காக வங்கி பிடித்துக்கொண்ட 125 டாலர் கட்டணம்தான் இன்னும் திரும்பவில்லை, அதற்கும் எழுதியிருக்கிறேன்.