‘ஸ்கின் கலர்’ பருத்தி நூல்: யாருடைய ஸ்கின்?

மூன்று நட்சத்திரம். நாலு போடலாம் என்றுதான் இருந்தேன், முடிச்சு கெடுத்துவிட்டது.

எதற்கு வாங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புற்றுநோயால் மார்பை எடுத்துவிட்ட பெண்கள் ப்ராவுக்குள் வைத்துக்கொள்ள, குரோஷாவில் பின்னிப் பஞ்சடைத்த மார்பு செய்கிறோம். ‘நிட்டட் நாக்கர்ஸ்’ என்று பெயர். அமெரிக்காவில் பார்பரா டெமொரெஸ்ட் என்ற பெண்மணி தனக்கு அறுவை நடந்தபின் 2011-இல் தொடங்கிவைத்தது. காசு வாங்கக் கூடாது என்பது ஏற்பாடு. திருச்சியில் நாங்கள் ஏழு பேர் பின்னி மருத்துவமனையில் கொடுக்கிறோம். சிலிக்கானில் செய்தது ஆயிரக்கணக்கில் விலை, கனம் வேறு. நம் ஊர் வெயிலில் அதற்கடியில் வியர்த்து ஊற்றும்.

நூல் முழுக்கப் பருத்தி, 50 கிராம் உருண்டை, ஆன்லைனில் 130 ரூபாய். நடுவில் வளையம் போட்டு ஆறு தையல், அடுத்த சுற்றில் 12, அப்புறம் 18 என்று ஆறாறாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இந்த நூலில் இழை பிரியாததால் ஊசி எங்கும் மாட்டவில்லை. கண் மங்கிய என் போன்றவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

கையால் தடவி ‘மெத்தென்று இருக்கு’ என்பதெல்லாம் கணக்கில் சேராது. எனக்கே இடது பக்கம் கிடையாது. அக்குளை ஒட்டித் தழும்பு முடிகிற இடத்தில் இரண்டு விரல்கடை அகலத்துக்கு மரத்தும் இருக்கும், துணி பட்டால் சுரீரென்றும் இருக்கும். இரண்டும் எப்படி ஒரே இடத்தில் என்று கேட்காதீர்கள். நூலை அங்கேதான் சோதிப்பேன். முன்பு ஒருமுறை அக்ரிலிக் என்ற செயற்கை நூலில் பின்னி வைத்தது அரை மணியில் அரித்தது. இதை வைத்துக்கொண்டு மார்க்கெட் போய் வந்து, சமைத்து, மதியம் ஒரு தூக்கமும் போட்டாயிற்று. வைத்திருக்கிற நினைப்பே இல்லை. (உள்ளே ரெக்ரான் என்ற பாலியஸ்டர் பஞ்சுதான். இலவம்பஞ்சு ஒரு துவைப்பில் கட்டிகட்டியாகிவிடும்.)

இப்போது குறை. ஒரே உருண்டைக்குள் மூன்று முடிச்சு! அறுந்த இடத்தைக் கட்டி, மேலே சுற்றி மறைத்திருக்கிறார்கள். ஸ்வெட்டர் என்றால் தையலோரத்தில் ஒளித்துவிடலாம். வட்டத்தில் ஓரத்துக்கு எங்கே போவது? அந்த முடிச்சு தழும்பில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வெட்டியெடுத்து, நுனிகளை உள்ளே இழுத்துச் செருகி, மூன்று தடவையும் மறுபடி தையல் எண்ணினேன்.

அடுத்தது நிறம். ‘ஸ்கின் கலர்’ என்று வந்தது வெளிறிய ரோஸ். எங்கள் ஏழு பேரில் ஒருத்திக்கும் அந்தத் தோல் இல்லை. அதே கடையின் ‘சாக்லேட்’தான் எங்களுக்குத் தோல் நிறம், அதையே வாங்குங்கள். மெரூன் பக்கம் போகாதீர்கள். இரண்டு துவைப்புக்குப் பிறகும் வாளித் தண்ணீர் பீட்ரூட் சாறு மாதிரி இருந்தது. வியர்வையில் என்ன செய்யும்?

கடைக்காரர்களுக்கு எழுதினேன். ‘முடிச்சு சகஜம் மேடம்’ என்று பதில். சரி, சாக்லேட்டில் பத்து உருண்டை சொல்லியிருக்கிறேன். வந்ததும் பத்தையும் பிரித்து, எத்தனை முடிச்சு என்று இங்கேயே எழுதுகிறேன்.