போர்ட்லாந்தின் தெருவோர மழைத்தோட்டங்கள்: எந்தத் தெருவுக்கு எது பொருந்தும்?

தெருவில் ஓடும் மழைநீரைக் குழாயில் தள்ளாமல் மண்ணுக்குள் இறக்குவதில் பேர் வாங்கிய ஊர், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்து. அங்கே வடகிழக்கு சிஸ்கியூ தெருவில் 2003-இல் போட்ட இரண்டு தோட்டங்களும், தென்மேற்கு 12-வது அவென்யூவில் 2005 கோடையில் கட்டிய, செடி நட்ட நான்கு தொட்டிகளும் இந்த வகைக்கு முன்னோடிகள். இரண்டையும் வடிவமைத்தவர் கெவின் ராபர்ட் பெர்ரி. தெருக்காரர்கள் ஒன்றுகூடி இப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பதற்கு முன், இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

12-வது அவென்யூவில் சுமார் 740 சதுர மீட்டர் பரப்பில் விழும் மழை கெர்ப் (சாலைக்கும் நடைபாதைக்கும் இடையிலுள்ள விளிம்புக்கல்) ஓரமாகச் சரிந்து வருகிறது. கெர்ப் கல்லில் வெட்டிய 30 செ.மீ. வாய் வழியாக முதல் தொட்டிக்குள் இறங்குகிறது. உள்ளே 15 செ.மீ. உயரம்வரை தண்ணீர் நிற்கும். மணிக்கு 10 செ.மீ. வீதம் மண் உறிஞ்சும். அதற்கு மேல் வந்தால் இரண்டாவது வாய் வழியாகத் தெருவுக்கே திரும்பி, கீழே உள்ள அடுத்த தொட்டிக்குள் நுழையும். நான்கும் நிரம்பிய பிறகுதான் பழைய வடிகாலுக்குப் போகும். அந்த வடிகால் நேராக வில்லமெட் ஆற்றில் விழுவது. ஆண்டுக்குச் சுமார் 6.8 லட்சம் லிட்டர் இப்படி மண்ணுக்குள் இறங்குகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் கணக்கு. போட்டுப் பார்த்தால் சரியாகவே வருகிறது: ஊரின் ஆண்டு மழை 90 செ.மீ.க்குச் சற்று மேல். அதை 740 சதுர மீட்டரால் பெருக்கினால் கிட்டத்தட்ட அதே அளவு. அதாவது அந்தத் தெருவில் விழும் மழை ஏறக்குறைய முழுதும் மண்ணுக்குள் போகிறது.

இதில் பம்பு கிடையாது, வால்வு கிடையாது. வாய்களின் மட்டம் மட்டுமே வேலை செய்கிறது. நிரம்பிய தண்ணீர் புதைகுழாயில் மறையாமல் கண்முன்னே தெருவுக்குத் திரும்புவதால், எந்தத் தொட்டி வேலை செய்யவில்லை என்பது குடை பிடித்து நடந்து போகிறவருக்கே தெரிந்துவிடும். இந்த அமைப்பில் மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

நடப்பவர்களையும் மறக்கவில்லை. நிறுத்திய காரிலிருந்து இறங்கக் கெர்ப்பை ஒட்டி 90 செ.மீ. தளம் விட்டிருக்கிறார்கள். தொட்டிகளுக்கு நடுவே நடைபாதைக்குப் போக வழி உண்டு. தண்ணீர் அந்தத் தளத்தைக் கடக்கும் கால்வாய்மேல் சக்கர நாற்காலி போகும்படி கம்பி மூடி. தொட்டியைச் சுற்றி 10 செ.மீ. உயர விளிம்பு, கைத்தடியால் தட்டிப் பார்ப்பவருக்குப் பள்ளம் இருப்பதை உணர்த்துகிறது. இடத்தை மிச்சம் பிடிக்க அந்த 90 செ.மீ.யை விட்டுவிட்டால், காரில் வருகிறவர்கள் செடிமேல்தான் கால் வைப்பார்கள், மண் இறுகும், உறிஞ்சும் வேகம் போய்விடும்.

சிஸ்கியூ தெரு வேறு மாதிரி. குடியிருப்புத் தெருவில் கார் நிறுத்தும் இடத்தையே கொஞ்சம் எடுத்து, தலா 2.1 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளத்தில் கெர்ப்பை வெளியே தள்ளியிருக்கிறார்கள். நடைபாதையை உடைக்கவில்லை, வடிகாலையும் மாற்றவில்லை. இரண்டே வாரத்தில் வேலை முடிந்தது. சரிவில் தண்ணீர் ஓடிவிடாமல் ஆற்றுக் கூழாங்கல்லால் குறுக்கே சிறு தடுப்புகள். நிற்கும் உயரம் 18 செ.மீ. கார் நிறுத்த இடம் நெருக்கடியாக இல்லாத தெருவுக்கு இதையே பரிந்துரைக்கலாம்.

ஆனால் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு தோட்டமும் சேர்ந்து 65 சதுர மீட்டர். விளிம்புவரை நிரம்பினாலும் 12,000 லிட்டருக்குள்தான். தண்ணீர் வந்து சேரும் பரப்போ சுமார் 930 சதுர மீட்டர். ஆக, ஒரே மூச்சில் கொட்டினால் 12 மி.மீ. மழையோடு இடம் தீர்ந்தது. மிச்சம் மண் உறிஞ்சும் வேகத்தைப் பொறுத்தது. குளிர்காலம் முழுக்கத் தூறும் போர்ட்லாந்துக்கு இது தாராளம். ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் ஊரில் வடிகாலை மூடிவிட்டு இதை மட்டும் நம்பக் கூடாது.

குறை என்றால் அந்த வாய்தான். தெருவில் வரும் மணலும் டயர்த் தூளும் தண்ணீர் வேகம் குறையும் முதல் இடத்தில், அதாவது உள்ளே நுழைந்தவுடன், படியும். அதற்காகவே 12-வது அவென்யூவில் வாய்க்கு உள்ளே ஒரு கான்கிரீட் பலகை வைத்திருக்கிறார்கள். வண்டல் அதன்மேல் சேரும், மண்வெட்டியால் வழித்து எடுத்துவிடலாம். விட்டுவிட்டால் மூன்று செ.மீ. வண்டலே குட்டி வரப்பாகிவிடும். அதன்மேல் இலையுதிர் கால இலைகள் ஈரப்பாயாக ஒட்டிக்கொண்டால், தண்ணீர் வாயைத் தொட்டுவிட்டு நேரே கீழே ஓடும். தோட்டம் பச்சையாகத்தான் இருக்கும், வேலை மட்டும் நடக்காது. இங்கே நட்டிருக்கும் ஜங்கஸ் பேட்டன்ஸ் என்ற கோரை போன்ற புல் வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும். ஆனால் அடர்ந்து வாயை அடைப்பதும் அதுதான். வாய்க்கு நேரே கையகல இடம் வெறுமையாக இருக்கட்டும்.

இதைக் கவனிக்க நகராட்சியின் பசுமைத் தெருப் பராமரிப்பாளர் திட்டம் இருக்கிறது. தன்னார்வலர்கள் குப்பை பொறுக்கலாம், வாயில் சேர்ந்த இலையையும் வண்டலையும் அகற்றலாம். பூச்சிமருந்தும் உரமும் கூடாது. சரியான விதி, ஏனென்றால் போடும் உரம் தண்ணீரோடு கரைந்து போகும்.

உங்கள் தெருவுக்கு ஒத்துவருமா என்று பார்க்க 30 செ.மீ. ஆழக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, இரண்டாவது தடவை மட்டும் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். காய்ந்த மண் முதல் தடவை எப்போதுமே வேகமாகக் குடிக்கும். மணிக்கு ஒன்றேகால் செ.மீ. கூட இறங்காவிட்டால் அடியில் துளையிட்ட குழாய் பதித்தே ஆக வேண்டும். கட்டும்போது அந்த இடத்தில் ஜேசிபியை ஏற்றவே விடாதீர்கள், மண் இறுகிவிடும்.